மின்சாரம் இல்லாத பொழுதில் தாய்ப்பால்

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அவ்வப்போது இடம்பெறும் மின்தடை அறிவிப்பை நம்மில் பலர் மேலோட்டமாகவே பார்த்துவிட்டுக் கடந்து செல்கிறோம். துணைமின் நிலையத்தின் பெயர், பராமரிப்புப் பணி நடைபெறும் நேரம், அதன்பின் ஊர்ப் பெயர்களின் நீண்ட வரிசை. காலை 9 மணிக்கு நிற்கும் மின்சாரம் பல நேரங்களில் மாலை 5 மணிக்குத்தான் திரும்புகிறது. அதைப் படித்தவர்கள் முதல் நாள் இரவே மாவு அரைத்துக்கொள்கிறார்கள். மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் தாய்ப்பாலை வைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் தாய் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதை அந்த அறிவிப்பு சொல்வதில்லை. அவருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமனையும் பெரும்பாலும் சொல்லி அனுப்புவதில்லை.

பாலைப் பீய்ச்சி எடுத்துச் சேமிப்பது பெருநகரத்துத் தகவல் தொழில்நுட்ப நிறுவனப் பெண்களின் பழக்கம் என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. விருதுநகர் மாவட்டத்தை அறிந்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரக் கிராமங்களில் பெண் வேலைக்குப் போகாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி ஆகிய இரு தொழில்களும் பெண்களின் கைகளை நம்பியே நடக்கின்றன. குழாய் சுற்றுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுவது என எண்ணிக்கைக்குக் கூலி பெறும் வேலைகளில் பெரும்பகுதி அவர்களுடையது. காலையில் ஊர் முக்கில் வந்து நிற்கும் ஆலை வேனில் ஏறினால் திரும்புவது மாலையில்தான். மூன்று, நான்கு மாதக் குழந்தையைப் பாட்டியின் பொறுப்பில் விட்டுச் செல்லும் தாய்க்கு, விடியுமுன் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் அந்த ஒரு டம்ளர் பாலைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது. அது இல்லையென்றால் பால்பவுடர் அல்லது தண்ணீர் கலந்த மாட்டுப்பால்.

அச்சங்குளம் என்ற பெயரை வெளியுலகம் அறிந்தது 2021 பிப்ரவரி 12 அன்று. சாத்தூரை அடுத்த அந்த ஊரின் பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்து சுமார் 20 உயிர்களைப் பறித்தது. மேலும் பலர் தீக்காயங்களுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரணையைக் கையிலெடுத்தது. ஒருவர் பெயரில் உரிமம், வேறு சிலர் கையில் உள்குத்தகை என்னும் நடைமுறை அப்போது விரிவாகப் பேசப்பட்டது. தாய்ப்பால் பற்றிய கட்டுரையில் இந்த விபத்து எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அறை அறையாகக் குத்தகைக்கு விடப்படும் ஆலையில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை கிடைக்காததைப் போலவே, பேறுகால விடுப்புக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் அங்கு விடை கிடைப்பதில்லை. அந்த விடை இல்லாததால்தான் குழந்தையின் உணவு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிடமும், அந்தப் பெட்டி மின்கம்பியிடமும் அடகு வைக்கப்பட்டிருக்கிறது.

சட்டத்தில் குறை அதிகம் இல்லை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பை உறுதி செய்தது. குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேலாக, பாலூட்டுவதற்கென்றே நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்திலேயே இருந்த விதி. ஆனால் முந்தைய 12 மாதங்களில் 80 நாள்கள் ஒரே நிறுவனத்தில் வேலை செய்ததற்கான பதிவு வேண்டும். இன்று ஒரு குத்தகைதாரர், அடுத்த மாதம் வேறொருவர் என்று மாறும் கூலித் தொழிலாளிக்கு அந்தப் பதிவை யார் தருவார்? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ்க் கிடைக்கும் 18,000 ரூபாய் பேறுகாலச் செலவுக்கு ஆதரவாக இருக்கிறதே தவிர, ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. எனவே பெண்கள் இரண்டாம், மூன்றாம் மாதத்திலேயே வேலைக்குத் திரும்புகிறார்கள். பாலூட்டும் இடைவேளை என்பதும், ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் இருக்கும் ஆலையில் வேலை செய்பவருக்குப் பொருளற்ற சலுகை. குழந்தை அருகில் இருந்தால்தானே இடைவேளையில் பாலூட்ட முடியும்!

இனி வீட்டுக்குள் இருக்கும் அந்தப் பாலுக்கு வருவோம்.

சேமித்த தாய்ப்பாலைப் பற்றி இணையத்திலும், மருத்துவமனைச் சுவரொட்டிகளிலும் நாம் காணும் கணக்குகள் பெரும்பாலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் போன்ற அமைப்புகளின் பரிந்துரைகளிலிருந்து வந்தவை. புதிதாகப் பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள்கள், உறைநிலைப் பெட்டியில் 6 மாதங்கள் வரை நன்றாக இருக்கும் என்பது அதன் சுருக்கம். இதில் 'அறை வெப்பம்' என்ற சொல்லைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்தப் பரிந்துரை குறிப்பிடும் அறை 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான வெப்பமுடைய அறை. சித்திரை, வைகாசி மாதங்களில் சாத்தூர்ப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் மின்விசிறியும் நின்றுபோன நண்பகலில் அத்தகைய அறை எங்கே இருக்கிறது? மார்கழி விடியலில் வேண்டுமானால் இருக்கலாம்.

இது வெறும் ஐயம் அல்ல. 1996-ஆம் ஆண்டு குழந்தை மருத்துவ ஆய்விதழான 'பீடியாட்ரிக்ஸ்' வெளியிட்ட ஓர் ஆய்வு, வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பாலை மூன்று வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தது. 15 டிகிரியில் 24 மணி நேரமும், 25 டிகிரியில் 4 மணி நேரமும் பால் பாதுகாப்பாக இருந்தது. 38 டிகிரியில் பாலைச் சேமித்து வைக்கவே கூடாது என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு 2017-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், 27 முதல் 32 டிகிரி வரையிலான வெப்பத்தில் 4 மணி நேரத்தையே எல்லையாகக் கொள்ளலாம் என்கிறது. அதற்கு மேல் என்ன என்பதை அது விரித்துரைக்கவில்லை. அந்த 'அதற்கு மேல்' என்னும் இடத்தில்தான் நம் தென்மாவட்டங்கள் ஆண்டின் பல மாதங்களைக் கழிக்கின்றன. ஆகவே நம் ஊர்த் தாய்க்குச் சொல்ல வேண்டிய அறிவுரை வேறு: கோடைப் பகலில் வெளியே வைக்கும் பாலுக்கு மணிக்கணக்கு பார்க்க வேண்டாம், உடனே கொடுங்கள், இல்லையேல் உடனே குளிரில் வையுங்கள்.

மறுபக்கம், அச்சத்தால் நல்ல பாலைக் கொட்டிவிடுவதும் நடக்கிறது. மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றால் பெட்டியில் இருப்பதெல்லாம் கெட்டுவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நிறைந்த தனி உறைநிலைப் பெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. தாய்ப்பாலுக்கே உரிய ஒரு வலிமையும் உண்டு. லாக்டோஃபெரின், லைசோசைம், நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஆகியவை அதில் இருப்பதால் புதிதாக எடுத்த தாய்ப்பாலில் கிருமிகள் பெருகுவது சில மணி நேரத்துக்கு மட்டுப்படுகிறது. மாட்டுப்பாலை வைத்துத் தாய்ப்பாலை எடைபோடுவது தவறு.

இந்தத் தவறு நம் சமையலறைப் பழக்கத்திலிருந்து வருகிறது. பால் கெடுமோ என்று தோன்றினால் நம் வீடுகளில் செய்வது ஒன்றுதான், காய்ச்சிவிடுவது. திரிந்தால் கெட்டது, திரியாவிட்டால் நல்லது. தாய்ப்பாலைக் காய்ச்சினால் மேற்சொன்ன பாதுகாப்புப் பொருள்கள் பெருமளவு அழிந்துபோகும். வாசனையும் நம்பத்தக்க அளவுகோல் அன்று. பாலில் இருக்கும் லைப்பேஸ் என்னும் நொதி கொழுப்பை உடைப்பதால், நல்ல முறையில் சேமித்த பாலிலும் சோப்பு போன்ற வாடை வரக்கூடும். மேலே ஆடைபோல் கொழுப்பு தனியே பிரிந்து நிற்பதும் இயல்பே. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். இவற்றைக் கண்டு பாட்டிமார்கள் கொட்டிவிட்ட பாலின் அளவை யாரும் கணக்கெடுத்ததில்லை.

நம் வீடுகளில் இருக்கும் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 48 மணி நேரக் கணக்கு தனியான உறைநிலைப் பெட்டிக்கு உரியது. கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒற்றைக் கதவுப் பெட்டி. அதன் மேல்புறத்தில் ஐஸ் வைக்கும் சிறு அறையை உறைநிலைப் பெட்டி என்று கொள்ள முடியாது. கீழே இட்லி மாவு எடுக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மேலே வெப்பம் புகுகிறது. அத்தகைய அறையில் உறைந்த பாலுக்கு இரண்டு வாரங்களே பழைய பரிந்துரைகள் தந்த காலம். மின்தடையின்போது அது தாங்கும் நேரமும் மிகக் குறைவு. மாதக்கணக்கில் பால் சேர்த்து வைக்கும் காணொளிகளைப் பார்த்து அதை இந்த அறையில் செய்து பார்ப்பது வீண் உழைப்பு. அன்றைக்கும் மறுநாளைக்கும் தேவையானதை மட்டும் சேமிப்பதே இங்கு பொருந்தும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்புவதற்கும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அதன் இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே.

ஒரு மின்தடை நாளை எடுத்துக்கொள்வோம். தாய் காலை 5 மணிக்குப் பீய்ச்சி வைத்த பால் பெட்டியில் இருக்கிறது. 9 மணிக்கு மின்சாரம் நிற்கிறது. கதவைத் திறக்காமல் இருந்தால் பகல் 1 மணி வரை கவலை இல்லை. ஆனால் குழந்தைக்கு 10 மணிக்கு ஒரு முறை, 12 மணிக்கு ஒரு முறை பசிக்கும். ஒவ்வொரு முறையும் கதவு திறக்கப்பட்டால் 1 மணிக் கணக்கு பொய்த்துவிடும். ஆகவே 9 மணிக்கு முன்பே பாலை ஒரு வேளைக்கு ஒரு சிறு பாத்திரமாக, இறுக மூடிப் பிரித்து, முதல் நாள் இரவு உறையவைத்த ஐஸ் பொதிகளோடு ஒரு தெர்மகோல் பெட்டியிலோ அகன்ற வாய்கொண்ட ஃபிளாஸ்கிலோ வைத்துவிட வேண்டும். போதுமான ஐஸ் சூழ்ந்திருக்கும் காப்புப் பெட்டியில் பால் 24 மணி நேரம் வரை தாங்கும். ஐஸ் பொதி இல்லாதவர்கள் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை உறையவைத்தால் போதும். கடையில் வாங்கும் ஐஸ் கட்டி குடிநீரில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அது கரைந்த நீர் பாலுக்குள்ளோ மூடியின் விளிம்பிலோ படக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றிய பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும். குழந்தை குடித்து வைத்த மிச்சத்துக்கும் அதே எல்லைதான்.

உறைந்த பாலுக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு கிண்ணத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட வேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் ஐஸ் உருகவில்லை. அடியில் கிடந்தால், நாம் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்குக் கட்டியாகத் தெரிந்தாலும் அந்தப் பாலைக் கொடுக்கக் கூடாது. உருகத் தொடங்கிய பாலில் ஐஸ் துகள்கள் இன்னும் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுவதும் உருகிவிட்டது, ஆனால் தொட்டால் குளிர்ச்சி இருக்கிறது என்றால் பெட்டியின் குளிர்பகுதியில் வைத்து அடுத்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். மீண்டும் உறையவைக்கக் கூடாது. குளிர்ச்சியே போய்விட்டிருந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டியதுதான். குறைமாதத்தில் பிறந்த, அல்லது நோயுற்ற குழந்தைக்கு இந்தச் சலுகைகள் எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மின்தடை நீண்டால் மின்சாரத்தில் இயங்கும் பால் பீய்ச்சும் கருவியும் நின்றுவிடும். மார்பில் பால் கட்டிக்கொண்டால் வலி, காய்ச்சல், அதன்பின் சுரப்புக் குறைவு. கையால் பீய்ச்சும் முறையை ஒவ்வொரு தாய்க்கும் மகப்பேறு பிரிவிலேயே கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே. சோப்புப் போட்டுக் கழுவிய கைகளும் ஒரு சுத்தமான கிண்ணமும் போதும். பட்டாசு ஆலைப் பெண்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த கைகளோடும் சேலையோடும் பீய்ச்சவோ, வீட்டுக்கு வந்தவுடன் குழந்தையைத் தூக்கவோ கூடாது. குளித்து உடை மாற்றிய பிறகே எல்லாம். கொடுப்பதற்குப் பாட்டில் வேண்டாம். நம் வீடுகளில் இருந்த பாலாடையும் சங்கும் சுத்தம் செய்ய எளியவை. பாலாடை இன்று உலகெங்கும் பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் அதே தமிழ்ப் பெயரோடு இடம்பெறும் கருவி. நாம்தான் அதைப் பரணில் போட்டுவிட்டு ரப்பர் காம்பைத் தேடி மருந்துக் கடைக்குப் போகிறோம்.

பாட்டிலும் பால்பவுடரும் மின்தடை நாளில் ஏன் கூடுதல் ஆபத்து என்பதற்குக் காரணம் தண்ணீர். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி வற்றும். தேங்கிய தண்ணீரில் பாட்டில் அரைகுறையாகக் கழுவப்படும். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணமாகப் பால்பவுடர் பெற்ற குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு, பெறாத குழந்தைகளைவிட இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. நம்மிடம் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பால்பவுடர் விளம்பரத்தையும் இலவச வழங்கலையும் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் புயல் காலத்தில் நன்கொடையாளர்கள் வேன் நிறையக் கொண்டுவந்து இறக்குவது அதுதான். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடியும் நெல்லையும் அதே நிலைக்கு ஆளாயின. அத்தகைய நாள்களில் சேமித்த பாலைக் காப்பாற்றும் முயற்சியைவிட, தாயையும் சேயையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதே முதல் நிவாரணம். தாய்க்கு உணவும் தண்ணீரும், பாலூட்டத் திரையிட்ட ஓர் ஓரமும் கிடைத்தால் போதும்.

மின்சாரம் இல்லாத பொழுதில் குளிர்ச்சியைக் காப்பது நம் அரசுக்குத் தெரியாத கலை அன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்னும் பெட்டியின் சுவர்களுக்குள் ஐஸ் அடுக்கு உண்டு. நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே அது 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ச்சியை நிலைநிறுத்தும் வகையில் வடிவமைக்கப்பட்டது. வெப்பம் எல்லை தாண்டினால் 'இ-வின்' என்னும் இணைய வலைப்பின்னல் உரியவர்களின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. புதன்கிழமைதோறும் கிராம சுகாதாரச் செவிலியர் நான்கு ஐஸ் பொதிகள் கொண்ட பெட்டியில் தடுப்பூசிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் செல்கிறார். எந்த வெயிலிலும் மருந்து கெடாமல் கொண்டுசேர்க்கும் அந்தச் செவிலியரைவிட இந்தப் பாடத்தை எடுக்கத் தகுந்தவர் யார்? தடுப்பூசிப் பெட்டியில் தாய்ப்பாலை வைக்கச் சொல்லவில்லை. தடுப்பூசி தவிர வேறெதையும் அதில் வைக்கக் கூடாது என்பது சரியான விதி. ஆனால் பொதிகளை உறையவைக்கும் உறைநிலைப் பெட்டி அங்கே இருக்கிறது. மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில், பாலூட்டும் தாய்மார் பட்டியலை வைத்திருக்கும் செவிலியர் வழியே வீட்டுக்கு நான்கு ஐஸ் பொதிகள் தருவதற்குப் பெரிய செலவு ஆகாது.

இதற்கு மாறாக, நாம் அளப்பதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தைத்தான். 2018-இல் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் இடம்பெற்றன. அந்தத் திட்டத்தின் அளவுகோல்களில் ஒன்று, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளின் விழுக்காடு. நல்ல அளவுகோல்தான், மருத்துவமனைக்குள் நடப்பது என்பதால் எண்ணுவதும் எளிது. ஆனால் தாய் வேலைக்குத் திரும்பும் மூன்றாம், நான்காம் மாதத்தில் அந்தக் குழந்தை என்ன குடிக்கிறது என்று மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் இந்திய அளவில் சுமார் 64 விழுக்காடு. ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நிகழும் தமிழ்நாடு இதில் தேசிய சராசரிக்கும் கீழே நிற்கிறது. மருத்துவமனை வாசல் வரை நாம் சிறப்பாகச் செயல்படுகிறோம்; அதன்பின் வேன் வந்துவிடுகிறது.

2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. பயணம் செய்யும் தாயைப் பற்றி யோசித்த அதே அரசு, ஆலைக்குப் போகும் தாயைப் பற்றியும் யோசிக்கலாம். இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. அதைப் பலர் கவனித்ததில்லை. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளோ, 18 வயது நிரம்பாத எவரையும் உரிமம் பெற்ற வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்கின்றன. அச்சங்குளத்தைக் கண்ட எவரும் இரண்டாவது விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள். மருந்து அறையிலிருந்து நூறடி தூரத்தில் தொட்டில் கட்டுவது கொடுமை. ஆகவே முதல் விதி ஏட்டோடு நின்றது. மாவட்ட வருவாய் அலுவலரிடம் உரிமம் பெற்ற, சில அறைகளே கொண்ட சிறு ஆலைகளுக்கு அந்த விதியே பொருந்தாது.

அங்கன்வாடியும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. அங்கே முன்பருவக் கல்விக்குச் சேர்க்கப்படுவது இரண்டு வயதுக் குழந்தை. மத்திய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டம் ஆறு மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. தாய்ப்பால் மட்டுமே உணவாக இருக்க வேண்டிய முதல் ஆறு மாதங்களில் இருக்கும் குழந்தைக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. அந்த மாதங்களில் தாய் வீட்டில் விடுப்பில் இருக்கிறார் என்ற அனுமானத்தில் திட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன. பட்டாசு வட்டாரத்தில் அந்த அனுமானம் பொய் என்பது மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரியும், ஆலை உரிமையாளர்களுக்கும் தெரியும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கும் அந்தச் சட்டம், பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவான காப்பகம் நடத்தவும், உள்ளாட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் அனுமதிக்கிறது. வெடிபொருள் வளாகத்துக்கு வெளியே, வேன் ஏறும் ஊர் முக்கிலேயே, ஐந்தாறு ஆலைகளுக்குப் பொதுவாக ஒரு காப்பகம் அமைவதற்கு இப்போது சட்டத் தடை இல்லை. 50 பேர் என்ற வரம்புக்குள் வராத சிறு ஆலைகளையும், உள்குத்தகை அறைகளையும் அதில் சேர்ப்பதற்கு மாநில அரசின் ஆணையும், ஆலைகளிடம் தலைக்கு ஒரு சிறு பங்களிப்பும் வேண்டியிருக்கும். ஐஸ் அடுக்குப் பெட்டி ஒன்று, பாலாடைகள், பயிற்சி பெற்ற ஒரு பெண், பகல் உணவு இடைவேளையில் தாய்மாரை அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிட அதே ஆலை வேன். பாலூட்டுவதற்காகச் சட்டம் தந்த இடைவேளைகளும் அப்போதுதான் பயன்பாட்டுக்கு வரும்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இங்கு வேலை உச்சத்தில் இருக்கும். கைக்குழந்தைக்காரர்களும் அப்போது விடுப்பு எடுக்கத் துணிவதில்லை. அந்தப் பருவம் தொடங்குவதற்குள் சாத்தூர், வெம்பக்கோட்டை ஒன்றியங்களில் இரண்டு ஊர்களிலாவது இதைச் சோதித்துப் பார்க்க மாவட்ட நிர்வாகத்துக்கு அவகாசம் இருக்கிறது. ஐஸ் பொதிகளுக்கு அந்த அவகாசம்கூடத் தேவையில்லை; அடுத்த மின்தடை அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே தொடங்கலாம்.